புது டியூப்லைட்டும் டல்

புத்தம்புதுசாக வாங்கி மாட்டிய டியூப்லைட் மூன்றாம் நாளே டல்லடிக்கிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால் நீங்கள் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? கடைக்காரனையா, கரண்டையா, சொன்னவரையா? பகவதி கடைக்காரனைத்தான் சந்தேகப்பட்டாள். அவள் மாமனார் ஆவுடையப்பன் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஒரு சாமான் தேய்ந்துவிட்டதா இல்லையா என்பதைக் காதால் கேட்டே சொல்லிவிடுவார், அவர் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் கிடையாது. ஆகவே டியூப்பைக் கழற்றி, பழைய சேலையில் பச்சைப்பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கடையில் நீட்டினாள். அவன் அதை மாட்டி சுவிட்சைத் தட்டினான். கடைக்கே வெள்ளையடித்த மாதிரி ஆயிற்று. "எக்கா, இதுக்கு மேல வெளிச்சம் வேணும்னா சூரியனைத்தான் கழட்டிட்டு வரணும்" என்றான். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் திரும்பி நடந்தாள். பாதி வழியில், பால் சொசைட்டி முக்கில், அந்தச் சிரிப்பு முள்ளில் மாட்டிய சேலைபோல எங்கேயோ சிக்கிக்கொண்டு நின்றது. அது போன வெள்ளிக்கிழமை. இன்று திங்கட்கிழமை காலை எட்டரை மணி, மாமாவின் மொபெட்டில் பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் பீடிக்கட்டுப் பையை வைத்துக்கொண்டு போகிறாள் பகவதி. முன்னால் மாமா. அவருக்கும் முன்னால், ஹேண்டில்பாரைப் பிடித்து நின்றுகொண்டு, கழுத்தில் பிளாஸ்டிக் விசில் தொங்க, அவள் மகள் தர்ஷினி. ஒண்ணாம் வகுப்பு. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். ஜூன் மாசத்திலிருந்து தாத்தாவும் பேத்தியுமாகத்தான் தினமும் போகிறார்கள், வருகிறார்கள். பகவதி ஒருநாளும் கூடப் போனதில்லை.

"ஏட்டி, வியாழக்கிழமைதான பீடி குடுக்கணும்? இன்னைக்கு எதுக்கு அவுககூடத் தொத்திக்கிட்டுப் போற?" என்று அத்தை கேட்டதும், அதைப் பீடித்தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டதும் இப்போது காற்றோடு காற்றாகப் பின்னாலேயே வருகிறது. எதற்காகக் கேட்டாள்? சும்மாதான் கேட்டிருப்பாள். சும்மா கேட்கிறவள் நூலைக் கட்டுவதை நிறுத்திவிட்டா கேட்பாள்? அத்தையின் கை பீடி சுற்றும்போது நின்று பகவதி பார்த்ததே இல்லை, வானமே இடிந்தாலும் அந்தக் கை ஓடும், இன்றைக்கு நின்றது. "தூள் பத்தாது அத்தை, கூடுதலா கேட்டு வாங்கணும்" என்று இவள் ஒரு பொய்யை எடுத்து விட்டாள். பொய் சொன்னால் சொன்ன கையோடு ஓடிவிட வேண்டும், நின்றால் அது காலைச் சுற்றும். மாமாவோ "ஏறு தாயி" என்றார். ஆனால் சாவி? சாவி ஆணியில்தானே தொங்கும், அதை அத்தை எழுந்து போய் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். காபி டம்ளரையும் இப்போதெல்லாம் முன்னால் வைப்பதில்லை, கையில்தான் கொடுக்கிறாள். நாற்பது வருஷம் கழித்து என்ன புதுப் பிரியம்? பிரியமாகவும் இருக்கலாம். பகவதிக்கு யாரையும் சந்தேகப்பட்டுப் பழக்கமில்லை, அது ஒரு தொல்லை பிடித்த வேலை, பேன் பார்ப்பது மாதிரி, ஒன்று அகப்பட்டால் தலையே பேனாகத் தெரியும். வண்டி பிள்ளையார் கோயில் வளைவில் திரும்பியது. தர்ஷினி விசிலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதி, "தாத்தா, ஆடு! லெப்ட்ல ரெண்டு ஆடு!" என்றாள். மாமா லெப்டில் ஒதுக்காமல் நேராகப் போனார். "ரைட் ரைட்" என்றாள் பிள்ளை. என்ன கெட்டிக்காரத்தனம். தாத்தா டிரைவர், பேத்தி கண்டக்டர். தெருவே பார்த்துச் சிரிக்கும் விளையாட்டு.

அவளுக்கு அந்த வீட்டு வார்த்தைகள் பழக ஒரு வருஷம் ஆயிற்று. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் மிக்ஸி ஓடாமல் நின்றபோது, "ஒண்ணுமில்ல, கார்பன் வீக்" என்றார் மாமா, மாற்றினார், ஓடியது. வீக் என்றால் பிழைத்துக்கொள்ளும் என்று அன்று தெரிந்தது. டல் என்றால் அதற்கும் கீழே, துடைத்தால் போதும், எண்ணெய் விட்டால் போதும். ஸ்பேர் என்றால் பரண்மேல் ஏறும். விருந்தாள் வந்தால் இறங்கும் நசுங்கின குடம், மழைக்கு மட்டும் வெளியே வரும் கம்பி ஒடிந்த குடை, இதெல்லாம் ஸ்பேர். ஷெட்டில் விட்டிருக்கு என்றால் ரிப்பேர் கடையில் இருக்கிறது, திரும்பி வரும். கடைசியாக ஒன்று உண்டு, கண்டம், கண்டெம்டு என்ற இங்கிலீஷின் டெப்போ உச்சரிப்பு. டெப்போவில் ஒரு பஸ் இனிமேல் ரோட்டுக்கு ஆகாது என்று எழுதிவிட்டால் அது கண்டம். நம்பர் போர்டைக் கழற்றிச் சுவரோரம் நிறுத்திவிடுவார்களாம், அதன்மேல் வேலிப்பருத்தி படர்ந்து கிடக்குமாம், பிறகு ஏலம். வீட்டில் அந்த வார்த்தை ஒரு பொருள்மேல் விழுந்தால் சனிக்கிழமைக்குள் பழைய இரும்புக்காரன் தராசில் அது ஏறிவிடும். அத்தையின் சீர்க்கட்டில் அப்படித்தான் போயிற்று. அத்தை அதன் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள், அவர் மட்டும் "கண்டத்துக்குப் போயி கண்ணீரா" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டார். பகவதி அப்போது ஒன்றைக் கவனித்தாள். உடைஞ்சு போச்சு, கிழிஞ்சு போச்சு, தேய்ஞ்சு போச்சு என்று நம் வார்த்தையில் சொன்னால் உடைத்தது யார், எப்போது, ஒட்டலாமா என்று பின்னாலேயே நாலு கேள்வி வருகிறது. இங்கிலீஷில் சொன்னால் ஒன்றும் வருவதில்லை. அது இடுக்கி மாதிரி. கொதிக்கிற சட்டியைக் கை சுடாமல் இறக்கி வைத்துவிடலாம். அவளும்தான் மிச்சச் சோற்றைக் கொட்டும்போது வேஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறாள். சோறு என்று சொல்லிக்கொண்டே கொட்ட முடியுமா? ஆனால் ஒரு ஆளை? மாமா ஒரே ஒரு ஆளைத்தான் அப்படிச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். சங்கிலி என்று அவர் கூட்டாளி, பக்கத்து ரூட் டிரைவர், கண் டெஸ்டில் தவறிவிட்டார். "சங்கிலி அன்பிட் ஆயிட்டான்" என்றார் மாமா. ஸ்டீரிங் பிடித்த கையில் விளக்குமாற்றைக் கொடுத்து டெப்போ வாசலில் நிறுத்திவிட்டார்களாம். வண்டியை வெளியே எடுக்கும்போதெல்லாம் சங்கிலி நிமிர்ந்தே பார்க்க மாட்டாராம். "அப்புறம் மாமா?" என்று இவள் கேட்டாள். "அப்புறம் என்ன அப்புறம். அன்பிட்டுதான்."

"தாத்தா, ஆட்டோ நிக்கி! ஹோல்டான்!" என்றது பிள்ளை. வண்டி நின்றது. ஆட்டோ நகர்ந்தது. "ரைட்!" இப்போது தென்னந்தோப்பு, வாய்க்கால், காற்றில் எருமைச் சாண வாசனை, எதிர்வெயில் நேராக முகத்தில். டியூப்லைட் மட்டும் என்றால் பகவதி விட்டிருப்பாள். டியூப்லைட்டுக்கு முன்னால் டி.வி. "பிக்சர் டியூப் வீக்" என்றார். சுவரில் காலண்டர்போல ஒட்டிக்கிடக்கும் டி.வி.க்குள் டியூப் எங்கே இருக்கிறது? அதற்கு முன்னால் காலண்டர், பிரிண்டிங் டல். பேப்பர், மை வீக். செல்போன், டிஸ்பிளே அவுட். மூக்குக் கண்ணாடி, பவர் போச்சு. எல்லாம் இந்தக் கார்த்திகைக்கு மேலே. வீட்டில் இத்தனை சாமான் ஒரே மூச்சில் எப்படித் தேயும்? சரி, தேயட்டும், வீடென்றால் தேயத்தான் செய்யும். ஆனால் ஃபேன் தேயவில்லையே. ராத்திரி முழுக்க கடகடவென்று மாட்டு வண்டிபோல ஓடுகிற ஃபேனை, "நல்ல கண்டிஷன்ல இருக்கு" என்கிறார். மோட்டார் கண்டிஷன், கிரைண்டர் கண்டிஷன், ரேடியோ கண்டிஷன். கண்ணால் பார்க்கிற சாமான் எல்லாம் வீக், மற்றதெல்லாம் கண்டிஷன். இவள் புருஷன் இசக்கிராஜ் காற்றாலைக் காத்தாடிக் கம்பெனியில் வேலை, பதினைந்து நாளைக்கொருமுறை வருவான், போன தடவை அவன் பைக் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததற்கு டயர்க் கம்பெனிக்காரனைத் திட்டினான். மாமா அவனைத் திட்டினார். "ஏல, டயர் ஒரு பக்கமா தேஞ்சா டயரை ஏசாத. அலைன்மென்ட்டைப் பாரு. கோளாறு வண்டியில இருக்கு." அந்தச் சொல்லை அன்று அவர்தான் சொன்னார், இவள் பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டாள், மூன்று நாளாக அது இவள் தலைக்குள் சட்டியில் கரண்டி தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கமாகத் தேய்கிறது. ஒரு பக்கமாகத்தான் தேய்கிறது. சீச்சீ. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடிக்காத மனுஷரைப் போய். பிள்ளை உசிர் அவர் கையில் என்று ஊரே நிம்மதியாக இருக்கும்போது பெத்தவள் புத்தி மட்டும் இப்படிப் போகிறதே. போகட்டும். பெத்தவள் புத்தி போகாமல் வேறு யார் புத்தி போகும்? இன்று ஒரு நாள் பார்த்துவிட்டால் போதும். அவர் சரியாக ஓட்டினால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்.

சரியாகத்தான் ஓட்டுகிறார். குளத்துக்கரை ஏறும்போது கியர் இல்லாத வண்டியிலும் கை கியரைத் தேடி ஒரு தடவை இறங்கி ஏறியது, பழக்கம். பள்ளத்தை ஒதுக்கினார், கல்லை ஒதுக்கினார், எல்லாம் அந்த ரோட்டில் அவர் முதுகுக்கே தெரியும். "என்ன தாயி, பேச்சையே காணும்?" "காத்து மாமா, வாயைத் தொறந்தா பூச்சி போகுது." அவர் சிரித்த சிரிப்பு அவர் முதுகில் குலுங்கியது. பாவி, எவ்வளவு நல்ல முதுகு, இதைப் போய்ச் சந்தேகப்படுகிறாயே என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டபோது, கரைச்சுவர்மேல் மயில் நின்றது. ஆண்மயில். கைக்கெட்டும் தூரத்தில், தோகை சுவரில் வழிந்து, வெயிலில் அந்தப் பச்சையும் நீலமும் கண்ணைப் பறித்துக்கொண்டு. மயிலென்றால் தர்ஷினி சோற்றை விட்டு ஓடுவாள். புத்தகத்தில் மயில் வந்தால் பக்கத்துக்கு முத்தம் கொடுப்பாள். பகவதி அவள் கத்துவதற்காகக் காத்திருந்தாள். பிள்ளை கத்தவில்லை. தலையைத் திருப்பக்கூட இல்லை. இரண்டு கையும் ஹேண்டில்பாரில், கழுத்து விறைப்பாக, ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்காமல் நின்றாள். "தாத்தா, சைக்கிள், எதுக்க. தாத்தா, குண்டு மாமா, ரோட்டை கிராஸ் பண்ணுதாங்க." ஆடு, ஆட்டோ, சைக்கிள், குண்டு மாமா. ரோட்டில் இருப்பது மட்டும். மயில் ரோட்டில் இல்லை. பகவதிக்குக் காதுக்குப் பின்னால் வேர்த்தது. இது விளையாட்டில்லை, விளையாடுகிற பிள்ளை மயிலைப் பார்க்கும். இது டூட்டி. ஆறு வயசுப் பிள்ளை டூட்டி பார்க்கிறது. விசில் எப்போது வாங்கிக் கொடுத்தார்? கோயில் கொடைத் திருவிழாவுக்கு. கொடை எப்போது? கார்த்திகையில். இல்லை, இல்லை, கொடைக்கு எல்லாப் பிள்ளைக்கும்தான் விசில் வாங்குவார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகூட வாங்கியது, அதை ஊதி ஊதித் தூங்கவிடாமல் அடித்தது. சும்மா இரு பகவதி. சும்மா இரு. நினைப்பென்பது ஈரச்சேலை, பிழியப் பிழியத் தண்ணீர்தான் வரும்.

ரைஸ் மில் வந்தது. மில்லுக்கு முன்னால் ஒரு ஸ்பீட் பிரேக்கர் உண்டு, உண்டு என்றால் முந்தாநாள்வரை உண்டு. ஊரிலேயே பேர்போனது அது, மாசமான பெண்கள் அந்த இடம் வந்தால் பஸ்ஸில் எழுந்து நின்றுகொள்வார்கள். சனிக்கிழமை இரவு புது ரோடு போட வந்தவர்கள் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தார் போட்டுப் போயிருந்தார்கள். நேற்று ஞாயிறு, பள்ளிக்கூடம் இல்லை, மாமா இந்தப் பக்கம் வரவில்லை. பகவதி மில்லுக்கு மாவு திரிக்க வந்தாள், பார்த்தாள், இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது ரோடு, கன்னங்கரேலென்று, மில் வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்புவரை ஒரு சுருக்கம் இல்லாமல். இப்போது வண்டி அந்த இஸ்திரி போட்ட ரோட்டில் ஏறியது. மாமாவின் கை ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தியது. பிரேக் மெதுவாகப் பிடித்தது. "பிடிச்சுக்கோ கண்டக்டரே" என்றார் பேத்தியிடம். பிறகு, முப்பத்தோரு வருஷமாக எத்தனையோ ஆயிரம் தடவை செய்ததுபோல, சீட்டிலிருந்து இடுப்பை லேசாகத் தூக்கிக் கொடுத்தார், மேடு ஏறி இறங்குவதற்கு. மேடு வரவில்லை. வண்டி தண்ணீர்போல வழுக்கிக்கொண்டு போயிற்று. அவர் அந்தரத்தில் ஒரு நொடி நின்றார். தூக்கிய இடுப்பை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல, யாரோ நாற்காலியை உருவிவிட்டதுபோல. மெல்ல உட்கார்ந்தார். அப்போதுதான் தர்ஷினி இருமினாள். புழுதிதான், மில் தவிட்டுப் புழுதி, ஒரு இருமல், இன்னொரு இருமல். அந்த இரண்டு இருமலுக்கு நடுவே ரோட்டில் ஒரு கறுப்பு நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. விசில் இல்லை. ஹோல்டான் இல்லை. வண்டி நேராக அதன்மேல் போயிற்று, ஒதுங்காமல், தயங்காமல், அங்கே ஒன்றுமே இல்லை என்பதுபோல. "மாமா!" பிரேக் கத்தியது, பை மடியிலிருந்து நழுவியது, நாய் எழுந்து உடம்பை உதறி, யாரடா இவர்கள் என்று பார்த்துவிட்டு மில்லுக்குள் போயிற்று. "ரோடும் கறுப்பு, நாயும் கறுப்பு" என்றார் மாமா. குரல் வெளியே வரும்போதே பாதி தேய்ந்திருந்தது. தர்ஷினி திரும்பித் தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள், கண்ணில் குளம் கட்டிவிட்டது. "சாரி தாத்தா, இருமல் வந்துட்டு" என்றாள். பகவதிக்கு அதற்குமேல் எதையும் சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிப் பையை மாட்டிவிட்டாள். "அம்மா, யார்ட்டயும் சொல்லாத, டெப்போ ரகசியம்" என்று காதில் ஊதிவிட்டு ஓடியது அது, ஓடின வேகத்தில் விசில் முதுகுக்குப் போயிற்று. மணி அடித்தது. ஆட்டோக்கள் போயின. மாமா வண்டியை ஸ்டாண்ட் போட்டு, வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், பக்கவாட்டுக் கண்ணாடியை, துடைத்ததையே திரும்பத் துடைத்தார். பயம் எல்லாம் இப்போது அவளுக்குக் கோபமாகிவிட்டது, என் பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு இத்தனை நாளும், லாரி வந்திருந்தால், அவளுக்கு இன்னொரு இருமல் வந்திருந்தால். கத்திவிடலாம். வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள், கத்தினால் நாளைக்கு ஊரில் இவருக்கு ஒரு பேர் விழும், அது இங்கிலீஷ் பேராகத்தான் விழும், இடுக்கியால் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். இசக்கிராஜுக்குப் போன் போட்டால் சாவியைப் பிடுங்கிவிடுவான், வண்டியையும் வித்துவிடுவான், அவனுக்கு அப்பனைப் போலவே கை சுடாமல் இறக்கத் தெரியும்.

"எப்பயிருந்து மாமா?" என்றாள்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "கார்த்திகையிலயிருந்து. முதல்ல லைட்டுதான் டல்லுன்னு நினைச்சேன் தாயி. நிசமாவே அப்படித்தான் நினைச்சேன்."

"அத்தைக்குத் தெரியுமா?"

"அவதான் தெனமும் சாவிய எடுத்துக் கையில குடுக்கா."

"பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா?"

மாமா கண்ணாடியிலிருந்து கையை எடுத்தார். அவர் கண்ணின் கருவிழியில், வெயில் விழுந்த கோணத்தில், பால் ஆடைபோல ஒன்று மிதந்தது. பகவதி இவ்வளவு கிட்டத்தில் அவர் கண்ணை எப்போதும் பார்த்ததில்லை, மாமனார் கண்ணை யார் பார்க்கிறார்கள்? அவள் சித்தப்பாவுக்கும் இதே ஆடைதான் இருந்தது. ஒரு காலை ஆஸ்பத்திரி, ஒரு வாரம் கறுப்புக் கண்ணாடி, பிறகு மனுஷன் ஊசியில் நூல் கோத்தார். புரை. புரைதானா? பார்த்தால்தான் தெரியும். "கண் டாக்டர்ட்டப் போனா?" என்று அவள் ஆரம்பிக்கும்போதே அவர் தலை ஆடிவிட்டது. "போனா எழுதிருவான். கண் டெஸ்ட்ல தவறினவன் யாரு திரும்பி ஸ்டீரிங்கைப் பிடிச்சான்? சங்கிலிய நான் பாத்தேன்லா." பிறகு பள்ளிக்கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அல்லது அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு, "இசக்கிராசுட்ட என்னன்னு சொல்லப் போற?" என்றார்.

என்னன்னு சொல்வது? அவள் அந்த வீட்டு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பதுபோல. டல் என்று சொல்ல முடியாது, அது பொய், நாய் செத்திருக்கும். வீக் என்றால் அவன் கேட்க மாட்டான். ஸ்பேர் என்றால் பரண்மேல் ஏற்றிவிடுவார்கள், விருந்தாள் வந்தால் இறக்குவார்கள். அன்பிட்டை நினைக்கவே கூடாது. அதற்கும் கீழே உள்ளதை அவள் தொடவில்லை. "ஷெட்ல விட்டிருக்குன்னு சொல்லுதேன் மாமா" என்றாள். "இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். இப்படியே. பீடி வியாழக்கிழமைதான் குடுக்கணும், பொய் சொல்லித்தான் வந்தேன்."

அவர் உதடு லேசாகக் கோணியது, சிரிப்புக்கா வேறெதற்கா என்று தெரியவில்லை. "ஷெட்ல விட்ட வண்டி ரோட்டுக்கு வரும்லா?"

"வரணும். வந்துட்டா பிள்ளைய நீங்களே கொண்டு விடுங்க. அதுவரைக்கும் அவ மயிலைப் பாக்கட்டும்."

அவள் கையை நீட்டினாள். முப்பத்தோரு வருஷமும் அதற்குப் பின்னாலும் டிரைவர் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்து அவர் பயணம் செய்ததில்லை. அவள் அண்ணனின் மொபெட்டில் பால்கேன் கட்டிக்கொண்டு வயக்காட்டு வரப்பில் ஓட்டியவள் என்பதைச் சொல்லியும், இந்த வண்டிச் சாவியை ஒருநாள்கூட அவர் தொடவிட்டதில்லை. சாவி அவர் கைக்குள் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவள் கைக்கு வந்தது, வேர்வையோடு, சூடாக. அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். பின்சீட்டை அவர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். எதைப் பிடிப்பதென்று தெரியாமல் பீடிப் பையை மடியில் வைத்து அதையே பிடித்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது. பெரியாஸ்பத்திரி ரோடு அவர் பழைய ரூட்தான், திருப்பத்துக்குத் திருப்பம் தெரியும், ஆனால் மில் ரோட்டையும்கூட இன்று காலைவரை அப்படித்தான் நினைத்திருந்தார். பஸ் ஸ்டாண்ட் தாண்டியதும், முதுகுக்குப் பின்னாலிருந்து, காற்றில் அடித்துப் போய்விடுமோ என்பதுபோல மெல்லிய குரலில் கேட்டார்.

"தாயி, ஸ்பீட் பிரேக்கர் வந்தா ஒரு குரல் குடும்மா."